பேய்க்கதை படிக்கும் பிள்ளையைத் தடுக்கலாமா?



தமிழ்ப்பள்ளி மாணவர்களின் வாசிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடையே இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையுமே படிப்பதில்லை" என்பது முதற்குரல். "படிக்கிறார்கள், ஆனால் படிக்கக் கூடாததைப் படிக்கிறார்கள்" என்பது இரண்டாவது குரல். இவ்விரண்டும் ஒரே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், ஒரே வாயிலிருந்து, பத்து நிமிட இடைவெளியில் எழுந்ததை நான் கேட்டிருக்கிறேன். படிக்கக் கூடாதவை என்னும் பட்டியலில் எப்போதும் முதலிடம் பெறுபவை பேய்க்கதைகளும் மர்ம நாவல்களுமாகும்.

இக்கட்டுரை அந்தப் பட்டியலைப் பற்றியது. பீடோரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றும் நான், மர்மக் கதைகளுக்குப் பெயர்பெற்ற எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல்களை விரும்பிப் படித்தவள். என்னுடைய கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். உரிய வயது வந்த பிள்ளை இத்தகைய நூலைக் கையில் எடுத்தால் அதைப் பிடுங்கக் கூடாது. அதே வேளையில், அப்பிள்ளையை அந்நூலோடு தனியே விட்டுவிடவும் கூடாது. இவ்விரண்டில் இரண்டாவதுதான் கடினமானது. நம்மில் பலர் முதலாவதைச் செய்வதற்குக் காரணமும் அதுவே.

யார் இந்த எழுத்தாளர்?

இளைய ஆசிரியர்கள் சிலருக்கு இப்பெயர் புதிதாக இருக்கக்கூடும். இந்திரா சௌந்தர்ராஜன் 1958ஆம் ஆண்டில் பிறந்தவர். மதுரையில் வாழ்ந்தவர். 2024 நவம்பர் 10ஆம் நாள் அதே மதுரையில் காலமானார். சிறுகதை, நாவல், தொலைக்காட்சித் தொடர், ஆன்மிகச் சொற்பொழிவு எனப் பல துறைகளில் இயங்கியவர். 1990களில் இயக்குநர் நாகாவின் இயக்கத்தில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'மர்ம தேசம்' தொடர் அவரைத் தமிழர் வாழும் நாடுகளெங்கும் கொண்டுசேர்த்தது. அத்தொடரின் 'ரகசியம்', 'விடாது கருப்பு' ஆகிய பகுதிகளை இன்றும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுவார்கள். 'விடாது கருப்பு' அவர் எழுதிய 'விட்டு விடு கருப்பா' என்னும் நாவலிலிருந்து உருவானது.

அவருடைய கதைகளுக்கென்று ஓர் அமைப்பு உண்டு. ஒரு கிராமம் இருக்கும். அக்கிராமத்தில் பழைய கோவில் ஒன்றும், அக்கோவிலைச் சுற்றி ஒரு நம்பிக்கையும் இருக்கும். நகரத்திலிருந்து படித்தவர் ஒருவர் அங்கு வந்து சேர்வார். ஊரார் தெய்வச் செயல் என்பதை அவர் மனிதச் செயல் என்று ஐயுறுவார். அறிவும் நம்பிக்கையும் கதை நெடுகிலும் மாறி மாறி மேலோங்கும். 'விடாது கருப்பு' தொடரில் ஊரில் தவறு செய்பவர்களைக் காவல் தெய்வமாகிய கருப்பே தண்டிக்கிறது என மக்கள் நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்கு எதிரே உளவியல் வந்து நிற்கிறது. முடிவை நான் இங்குச் சொல்லப்போவதில்லை; மர்மக் கதையின் முடிவைச் சொல்வது படிக்கவிருப்பவருக்குச் செய்யும் துரோகம்.

இவ்வகை எழுத்துகளை ஒரு காலத்தில் அஞ்சடிப் பத்திரிகைக் கடைகளில் மாத நாவல்களாக வாங்கினோம். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் என்று பெயர் பார்த்து வாங்குவோர் அன்று பலர் இருந்தனர். மெலிந்த தாள், பளிச்சிடும் அட்டை, ஒரே இரவில் படித்து முடிக்கக்கூடிய அளவு. படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கிருந்து அடுத்த வரிசை வீடுகளுக்குப் போகும். திரும்பி வரும்போது அட்டை இருக்காது. இந்நூல்களை எவரும் இலக்கியம் என்று சொல்லவில்லை. ஆயினும் பால்மரம் வெட்டிக் களைத்து வந்த கைகள் மாலையில் விரித்த தமிழ் எழுத்து பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்தது. பின்னாளில், 2008ஆம் ஆண்டில், சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம் இவர்களுடைய கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தொகுப்பாக வெளியிட்டது. நாம் மறைத்துவைத்துப் படித்ததை ஆங்கில வாசகர்கள் மேசை மேல் வைத்துப் படித்தனர்.

பேய் தமிழுக்குப் புதிதன்று

"பேய், பிசாசு, மர்மம் என்பவையெல்லாம் மலிவான வணிக எழுத்து, நம் மரபில் இதற்கு இடமில்லை" என்று வாதிடுவோரைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நம் மரபையே நினைவூட்ட விரும்புகிறேன்.

சைவ சமயத்தின் அறுபத்து மூவருள் ஒருவராகிய காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே தம் பாடல்களில் கூறிக்கொண்டவர். ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்களைப் பாடியது, பேய் முறைப்பாடு என்று தனிப்பகுதிகளே உண்டு. பசியால் வாடும் பேய்களின் தோற்றத்தை அச்சமும் நகைப்பும் கலந்து வருணித்த அந்தப் புலவரைக் கவிச்சக்கரவர்த்தி என்றே தமிழுலகம் போற்றியது. இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாக மதிக்கப்படும் புதுமைப்பித்தன் 'காஞ்சனை' எழுதினார். அக்கதையைப் படித்து முடித்தவருக்கு, வீட்டுக்குள் வந்தது பேயா, மனப்பிரமையா என்னும் ஐயம் இறுதிவரை தீர்வதில்லை. அறிவியலை எளிய தமிழில் எழுதிய சுஜாதாவும் 'கொலையுதிர் காலம்' நாவலில் பேயையும் அறிவியலையும் எதிரெதிர் நிறுத்தி விளையாடினார்.

இவர்கள் எல்லாரும் ஒரே தரத்தவர் என்று நான் கூறவில்லை. இந்திரா சௌந்தர்ராஜனைப் புதுமைப்பித்தனுக்கு அருகில் அமர்த்தும் எண்ணமும் எனக்கில்லை. அச்சம் என்பது தமிழிலக்கியத்தின் பழைய குடிமகன். அயல்நாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கியவனல்லன் என்பதே நான் சொல்ல வருவது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்தார். நகைக்கும் அழுகைக்கும் இடம் தரும் பாடநூல், அச்சத்திற்கு மட்டும் கதவடைப்பது ஏன்?

உலக அளவிலும் இதே வழக்கு நடந்ததுண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் ஒரு பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1974இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலின் தொடக்கப் பக்கங்களை அவரே குப்பைக் கூடையில் எறிந்துவிட, அவர் மனைவிதான் எடுத்துப் படித்து, தொடர்ந்து எழுதச் சொன்னார். 2003ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசிய நூல் அறக்கட்டளை அவருக்குச் சிறப்புப் பதக்கம் வழங்கியபோது, ஹெரால்ட் புளூம் போன்ற திறனாய்வாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். தரமான இலக்கியம் எது, மக்கள் விரும்பிப் படிப்பது எது என்னும் சண்டை எல்லா மொழிகளிலும் உண்டு. நம் அண்டை வீட்டு மலாய் மொழியில் தாமார் ஜாலிஸ் எழுதிய ஜின் கதைகளைப் பெரியவர்களும் இளையவர்களும் தலைமுறைகளாகப் படித்து வருகின்றனர். அதனால் மலாய்மொழி கெட்டுப்போய்விட்டது என்று எவரும் அழவில்லை.

தோட்டத்துக் கதைகள்

பேராக் மாநிலத்தில் வாழும் நமக்கு இக்கதைகள் இன்னொரு வகையிலும் நெருக்கமானவை. நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது துணிமூட்டையோடு தெய்வங்களையும் கொண்டுவந்தனர். பால்மரக் காட்டின் ஓரத்தில் ஒரு கல்லை நட்டு முனியாண்டி என்றனர்; மதுரைவீரன் என்றனர்; கருப்பர் என்றனர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், இருட்டு விலகாத மரவரிசைக்குள் தனியே நுழையும் பெண்ணுக்கு அந்தக் கல்தான் துணை. அத்தெய்வங்களைச் சுற்றிக் கதைகள் வளர்ந்தன. நள்ளிரவில் சுருட்டு மணம் வீசினால் முனி நடமாடுகிறது என்றார்கள். குறிப்பிட்ட மரத்தடியில் நிற்காதே என்றார்கள்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் பீடோர், தாப்பா, சுங்கை, ஈப்போ என்று பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். கதை சொன்ன பாட்டிமார்கள் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் கதை கேட்க எவருமில்லை. என் வகுப்பு மாணவர் பலருக்கு லயம் என்னும் சொல்லையே நான் விளக்க வேண்டியிருக்கிறது.

பேய்க்கதைக்குள் வரலாறு ஒளிந்திருப்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுண்டு. பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகையைப் பள்ளிச் சுற்றுலாவில் காணாத பிள்ளைகள் குறைவு. அங்குச் சென்று திரும்பும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஆவி உலாவும் தாழ்வாரத்தைப் பற்றித்தான் சொல்லும். அம்மாளிகையைக் கட்டிய வில்லியம் கெல்லி சிமித் ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்டம் அமைத்தவர். 1915ஆம் ஆண்டில் பெரிய மாளிகையின் வேலை தொடங்கிற்று. கட்டுமான வேலைக்குத் தென்னிந்தியத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். முதல் உலகப் போரின் இறுதியில் உலகையே உலுக்கிய ஸ்பானிய சளிக்காய்ச்சல் அவர்களுள் பலரைக் கொன்றது. தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அருகில் மாரியம்மன் கோவில் எழுந்தது. அக்கோவிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களோடு துரையைப் போன்ற ஓர் உருவமும் நிற்கிறது. 1926இல் கெல்லி சிமித் லிஸ்பன் நகரில் இறந்துபோக, மாளிகை முற்றுப்பெறாமலேயே நின்றுவிட்டது.

பிள்ளைகளுக்குத் துரையின் ஆவி தெரிகிறது. அந்தச் சுவர்களை எழுப்பி, காய்ச்சலில் மாண்டுபோன தமிழர் தெரிவதில்லை. ஆவிக் கதையை நாம் தடுத்திருந்தால் அவர்கள் அம்மாளிகையைப் பற்றி எதையுமே நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆவிக் கதையோடு நாம் நிறுத்திக்கொண்டால் செத்தவர்களை இன்னொரு முறை புதைத்தவர்களாவோம். ஆவியைப் பற்றி ஆவலோடு கேட்கும் பிள்ளையிடம், "இந்த வீட்டைக் கட்டியவர்கள் யார், அவர்கள் என்ன ஆனார்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்பவரே ஆசிரியர்.

மர்மத்துக்கும் நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. பட்டு வணிகர் ஜிம் தோம்சன் 1967 மார்ச் 26ஆம் நாள் கேமரன் மலை தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவேயில்லை. பெருந்தேடல் நடந்தும் அவர் கிடைக்கவில்லை. பீடோரிலிருந்து தாப்பாவைக் கடந்து மலையேறினால் அந்த ஊர். என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இதைச் சொல்லி, "என்ன நடந்திருக்கும்? காரணத்தோடு எழுதுங்கள்" என்றபோது, வழக்கமாக ஐந்து வரியோடு எழுந்துவிடும் மாணவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். அவன் கூறிய காரணம் புலி. அதற்கு அவன் தந்த சான்றுகளை நான் இன்றும் மறுக்க இயலவில்லை.

மறுப்புரைகள்

எதிர்த்தரப்பின் காரணங்களை நான் எளிதாக ஒதுக்கவில்லை. அவற்றுள் மூன்றில் உண்மை இருக்கிறது.

முதலாவது, அச்சம். "பிள்ளை இரவில் தூங்காது" என்கின்றனர். இது மெய்தான். என் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், அண்ணனின் கைப்பேசியில் கண்ட ஒரு காணொளியினால் சில வாரங்கள் கழிப்பறைக்குத் தனியே செல்ல மறுத்தான். ஆனால் அவனை அச்சுறுத்தியது நூலன்று. நம் பிள்ளைகள் பேயை ஏற்கெனவே கைப்பேசியில் கண்டுவிட்டார்கள். ஆகவே, பேய் வேண்டுமா வேண்டாமா என்பது காலங்கடந்த கேள்வி. படமா, எழுத்தா என்பதே இன்றைய கேள்வி. படம் தன் வேகத்தில் ஓடி, பிள்ளை ஆயத்தமாகுமுன் பாய்ந்து அச்சுறுத்துகிறது. நூலில் அச்சத்தின் கடிவாளம் பிள்ளையின் கையிலிருக்கிறது. விரும்பினால் மெல்லப் படிக்கலாம். தாங்கவில்லையென்றால் மூடி வைக்கலாம். விளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் அருகில் அமர்ந்து மீண்டும் திறக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர். கொஞ்சம் கொஞ்சமாக இருட்டைப் பார்த்துப் பழகியவன் அவ்வளவு எளிதில் அரள்வதில்லை.

இரண்டாவது, மூடநம்பிக்கை. மூன்றனுள் இதுவே வலுவான மறுப்பு. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளில் சித்தர், ஓலைச்சுவடி, நவபாஷாணம், மறுபிறவி முதலியவை வரலாற்றுச் செய்திகளோடும் அறிவியல் சொற்களோடும் பின்னிப் பிணைந்து வருகின்றன. எது செய்தி, எது கற்பனை என்று பெரியவர்களே தடுமாறும் இடங்கள் உண்டு. அறிவுக்கும் நம்பிக்கைக்கும் சமமான ஆட்டம் என்று தொடங்கி, இறுதியில் நடுவரே நம்பிக்கையின் பக்கம் சாய்ந்துவிடும் கதைகளும் உண்டு. அவருடைய வாசகியாக இருந்தும் இதை நான் மறைக்கவில்லை. தற்செயல் நிகழ்ச்சிகள் அளவுக்கு மிஞ்சி வருவதும், அவசரமாக முடிச்சவிழ்வதும் அவர் எழுத்தின் குறைகளே. மாதந்தோறும் எழுதிக் கொடுக்க வேண்டிய எழுத்துக்கு அது நேரத்தான் செய்யும்.

நம் நாட்டில் இம்மறுப்புக்குத் தனி எடை உண்டு. 2016 ஏப்ரலில் கிளந்தானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் மாணவியரும் ஆசிரியர் சிலரும் கருநிற உருவத்தைக் கண்டதாகக் கூறி அலறியதும், பள்ளி தற்காலிகமாக மூடப்பட்டதும் நாளேடுகளில் வந்தன. கூட்டத்தில் அச்சம் தொற்றும் விதத்தை உளவியல் விளக்குகிறது. எனினும் அந்தப் பள்ளியின் பிள்ளைகள் அனைவரும் பேய்க்கதை நூல் படித்தவர்கள் என்று எவரும் கூறவில்லை. பேச அஞ்சும் இடத்தில்தான் அச்சம் தொற்றுகிறது. அதைப் பற்றி வாய்விட்டுப் பேசவும் ஐயுறவும் பழக்குவதே மருந்து. கதையில் வரும் அறிவாளியும் ஊர்ப் பூசாரியும் வாதிடும்போது, "நீ யார் பக்கம்? ஏன்?" என்று கேட்டுப் பழக்கினால் அந்நூலே அம்மருந்தாகிவிடும்.

மூன்றாவது, மொழித்தரம். "மு. வரதராசனார் இருக்கிறார், அகிலன் இருக்கிறார். இவர்களை விட்டுவிட்டு இதையா படிப்பது?" என்று என் உடன்பணியாற்றுபவர்களே கேட்டிருக்கின்றனர். கேள்வி நியாயமானது. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நம் தோட்டங்களைக் களமாகக் கொண்டது. நம் பிள்ளைகள் அவசியம் படிக்கவேண்டியது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்நாவலுக்கு எவ்வழியில் சென்று சேரும்? பாடநூலில் வரும் பத்து வரிப் பத்தியிலிருந்து முழு நாவலுக்கு ஒரே தாவலில் தாவச் சொல்கிறோம். தாவ முடியாத பிள்ளை தமிழ் நூலையே விட்டு விலகுகிறது. ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகிறது. அதையும் எடுக்காமலே விட்டுவிடுவோர் உண்டு. அந்த இடைவெளியில் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துச் செல்வது எது? "அடுத்து என்ன நடக்கும்?" என்னும் தவிப்பு இழுத்துச் செல்லும். ஓர் இருநூறு பக்கத் தமிழ் நூலை முதன்முறையாக முழுமையாய்ப் படித்து முடித்தேன் என்னும் பெருமை பிள்ளைக்கு ஒருமுறை வாய்த்துவிட்டால், இரண்டாவது நூல் அவ்வளவு கனமாகத் தெரியாது.

வகுப்பில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தந்தை பழைய மாத நாவல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஆறாம் ஆண்டில் பயிலும் தம் மகள் அதைத் தலையணைக்கடியில் வைத்துப் படித்ததாகக் கூறி, "டீச்சர், நீங்களே கண்டியுங்கள்" என்றார். அந்த மாணவி வகுப்பில் அதிகம் பேசாதவள். பேசினாலும் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் கலந்து வரும். தந்தையின் முன்னிலையிலேயே, "என்ன கதையம்மா, சொல்லு பார்ப்போம்" என்றேன். தயங்கித் தொடங்கியவள் பத்து நிமிடம் பேசினாள். சன்னதி, படையல், சாமியாடி, வாக்கு என்று, நான் அவளுக்குக் கற்பிக்காத சொற்கள் அவளிடமிருந்து உரிய இடத்தில் வந்து விழுந்தன. தந்தை ஒன்றும் பேசவில்லை. நூலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மகளிடமே கொடுத்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் பின்னர் அவள் தன் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்த தோட்டத்து முனியின் கதை எங்கள் வகுப்புச் சுவரில் ஓராண்டு தொங்கியது.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கருத்துணர்தல் கற்பிக்கும் முறைகளைப் பயின்றபோது, முன்னறிதல், ஊகித்தல், காரணம் கூறுதல் என்னும் திறன்களைப் பற்றி நிறையப் படித்தோம். மர்மக் கதை படிக்கும் பிள்ளை இம்மூன்றையும் எவரும் சொல்லாமலேயே செய்கிறது. ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் அது ஊகிக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் தன் ஊகத்தைத் திருத்திக்கொள்கிறது. 2021ஆம் ஆண்டில் யூபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்ட பிறகு, "வாசிப்புக்கு நேரமில்லை, தேர்வு இருக்கிறது" என்னும் சாக்கும் நம்மிடமிருந்து பறிபோய்விட்டது.

நடைமுறைக்குச் சில கருத்துகள்

ஆசிரியர்களும் பெற்றோர்களும் பின்பற்றத்தக்க சிலவற்றை என் அனுபவத்திலிருந்து கூறுகிறேன்.

1. வயதைக் கவனியுங்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இவ்வகை நாவல்கள் வேண்டா. விக்கிரமாதித்தன் கதைகள் அவர்களுக்குப் போதும். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பெரியவர்கள் தேர்ந்தெடுத்துத் தரலாம். படிவம் ஒன்று முதல் மெல்ல மெல்ல அவர்கள் விருப்பத்திற்கு விடலாம்.

2. முதலில் நீங்கள் படியுங்கள். இவை சிறுவர்க்கென எழுதப்பட்டவையல்ல. வன்முறையும் பெரியவர்களுக்கே உரிய செய்திகளும் உள்ள நாவல்கள் உண்டு. அட்டையைப் பார்த்துத் தடுப்பதும் தவறு. அட்டையைப் பார்த்துக் கொடுப்பதும் தவறு.

3. படித்த பின் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஊரார் எதற்கு அஞ்சினர்? அந்த அச்சத்தால் ஆதாயம் அடைந்தவர் யார்? நீ அங்கிருந்தால் எதைச் சோதித்துப் பார்த்திருப்பாய்? இரண்டாவது கேள்விக்கு விடை தேடிப் பழகிய பிள்ளை, பின்னாளில் மந்திரத் தாயத்து விற்பவனிடமும் பணத்தை இழக்காது.

4. நூலில் வரும் செய்தி ஒன்றை மெய்யா பொய்யா என்று தேடிப்பார்க்கச் செய்யுங்கள். கோவில், மன்னன், மருந்து என எதுவாயினும் சரி. கதாசிரியர் எங்கே நிறுத்தி எங்கே கற்பனையைத் தொடங்கினார் என்று கண்டுபிடிப்பதே ஒரு துப்பறியும் வேலை.

5. பாட்டி தாத்தாவிடம் ஒரு தோட்டத்துக் கதையைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர், அங்கிருந்த கோவில், கிராணி, மண்டோர், வேலை நேரம் ஆகியவற்றையும் எழுதட்டும். பேயைத் தேடிச் சென்ற பிள்ளை குடும்ப வரலாற்றோடு திரும்பி வரும்.

6. நிலாம் வாசிப்புப் பதிவில் மாணவர் இந்நூலை எழுதினால் அடித்துவிடாதீர்கள். பொய்யாக ஒரு நீதிக்கதையின் பெயரை எழுதுவதைக் காட்டிலும், மெய்யாகப் படித்த மர்ம நாவலின் பெயரை எழுதுவது மேலானது. வாசிப்பில் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது எந்தப் பேயையும் விடக் கொடியது.

நிறைவாக

நம் மரபிலேயே மிகப் புகழ்பெற்ற பேய்க்கதை விக்கிரமாதித்தனும் வேதாளமும். முருங்கை மரத்தில் தொங்கும் அந்த வேதாளம் மன்னனைக் கடிக்கவில்லை; குடிக்கவில்லை. தோளில் ஏறிக்கொண்டு கதை சொன்னது. கதை முடிந்ததும் கேள்வி கேட்டது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும் என்றது. நம் முன்னோர் கற்பித்த பேய் ஓர் ஆசிரியரைப் போல நடந்துகொண்டிருக்கிறது.

பிள்ளையின் தோளில் ஏறிக்கொண்டு கதை சொல்ல இன்று கைப்பேசி காத்திருக்கிறது. அது கேள்வி கேட்பதில்லை. அடுத்த காணொளியைத் தானே ஓடவிடுகிறது. தமிழில் ஒரு நூலைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டும் பிள்ளை இன்று நம் வீட்டிலிருந்தால், அந்தப் பிள்ளை நமக்குக் கிடைத்த செல்வம். நூலைப் பறித்தால் வாசிப்பு போய்விடும், அச்சம் போகாது. அருகில் அமர்ந்து, "எங்கே, எனக்கும் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். முடிவை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாமென்று பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் படிக்க வேண்டியிருக்கிறதல்லவா?

சிந்திப்போம், செயல்படுவோம்.